தையல் மெஷின் மூடிக்குள் ஒரு கம்ப்யூட்டர்

சிப்பிகாட், தெற்கு அந்தமான்.
20-9-2016, செவ்வாய்க்கிழமை.

மதிப்பும் அன்பும் நிறைந்த மச்சான் கிருஷ்ணமூர்த்தி அவர்களுக்கு,

தங்கள் தங்கை கணவன் பொன்னுத்துரை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் புஷ்பாவும் மகள் சுகிர்தாவும், இன்று காலை ஏழு மணி வரை பூமி ஆடாத காரணத்தால், சௌக்கியம். அவ்விடம் தாங்களும் சொர்ணம்மா அக்காவும் அதேபோல் ஆடாமல் அசையாமல் இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் நடுவில் பேசுவீர்கள்.

முதலில் முக்கியமான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சுகிர்தா சென்னைக்கு வரவில்லை. கட்டடப் படம் வரையும் அந்தக் கம்பெனி அவளைக் கூப்பிட்டதும், நீங்கள் அன்றே மாடி அறைக்கு வெள்ளை அடித்ததும் எனக்குத் தெரியும். உங்கள் பாசத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் அறையை யாருக்காவது வாடகைக்கு விட்டுவிடுங்கள். வீட்டிலேயே நல்ல கம்ப்யூட்டர் இருந்தால் இங்கிருந்தே படம் வரைந்து அனுப்பலாம் என்று பிள்ளையே ஒருநாள் வாய்தவறிச் சொன்னாள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். ஒரே பிள்ளை, மச்சான். நடுவில் ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் கடல். அந்தக் கடலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் கம்ப்யூட்டர் செய்வதென்று முடிவானது. எனக்கு இரண்டு நிபந்தனை. செலவு குறைவாக இருக்க வேண்டும். ஒரு கையால் தூக்கிக்கொண்டு மேடேறி ஓடுகிற அளவில் இருக்க வேண்டும். எங்கள் வாசல் கதவுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பை தொங்குவது உங்களுக்குத் தெரியும். ரேஷன் கார்டு, தீவுவாசி என்பதற்கான ஐலண்டர் கார்டு, இலங்கையிலிருந்து வந்தபோது கொடுத்த குடும்ப அட்டை, சுகிர்தாவின் சான்றிதழ்கள், டார்ச், ஒரு பாக்கெட் பிஸ்கட். பூமி ஆடினால் அதை எடுத்துக்கொண்டு ஓட வேண்டியதுதான். வீட்டுக்கு எது புதிதாக வந்தாலும் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன். ஒரு பொருளுக்கு ஒரு கை. மறு கை ஆளைப் பிடிக்க. கிரைண்டரைக்கூட நான் அப்படித்தான் தூக்கிப் பார்த்தேன், இடுப்புப் பிடித்து எட்டு நாள் படுத்திருந்தேன், கிரைண்டர் வாங்கவில்லை. “வீடே மேட்டுமேலதான் இருக்கு. இதுக்கு மேல எங்கங்க ஓடப்போறீங்க?” என்பாள் உங்கள் தங்கை. இதற்கு மேலேயும் மேடு இருக்கிறது என்பதுதான் என் பதில்.

சுகிர்தாவுக்கு ஒரு நிபந்தனை. கிராபிக்ஸ் கார்டு தனியாக இருக்க வேண்டும். அது என்ன என்று எனக்கு விளக்கியவர் அபர்தீன் பஜாரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தேவேந்திரன். அவர் குடும்பம் கைதிகள் காலத்திலிருந்தே இந்தத் தீவில் இருப்பது. வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்து இந்தியில் கரை சேர்ப்பார். “அண்ணே, சாதா கம்ப்யூட்டர்ல எல்லா வேலையும் ஒரே மூளைதான் பாக்கும். வீட்டுப் படம் வரைஞ்சு உள்ளாற நடந்து காட்டணும்னா அது தக் ஜாதா ஹை, களைச்சுப்போய் நின்னுரும். கார்டு போட்டா படத்துக்குன்னு தனி ஆளு. அலக் ஆத்மி!” என்றார். அப்படியானால் லேப்டாப் வாங்கலாமே, கையோடு ஓடலாமே என்று கேட்டேன். அந்த மாதிரி கார்டு உள்ள லேப்டாப்பின் விலையைச் சொன்னார். புஷ்பா அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். “அப்பா, பெரிய கம்ப்யூட்டராவே செய்வோம். ஆபத்துன்னா ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழட்டிக்கிட்டு ஓடலாம்” என்றாள் சுகிர்தா. ஆடுகிற பூமியில் ஸ்க்ரூ டிரைவரைத் தேடிக்கொண்டிருப்பாயா என்று கேட்டேன்.

கடைசியில் தேவேந்திரனே வழி சொன்னார். ஏதோ ஓர் ஆபீஸில் கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டர்களை நீலாமில், அதாவது ஏலத்தில், மொத்தமாக எடுத்து வைத்திருந்தார். அதில் ஒன்றின் பெட்டி ஒல்லியான தகரப் பெட்டி, பெரிய டிக்‌ஷனரி அளவுதான். அதற்குள் புதிதாக ஒரு சாண் அளவு போர்டும், பாதி உயரமுள்ள சின்ன கிராபிக்ஸ் கார்டும் போட்டால் மலிவாக முடிந்துவிடும் என்றார். போர்டையும் கார்டையும் சென்னையில் வாங்கச் சொல்லி உங்களுக்குச் சுகிர்தா எழுதி அனுப்பினாள். அந்தச் சீட்டில் “பாதி உயரம்” என்பதன் கீழ் இரண்டு கோடு போட்டதை என் கண்ணால் பார்த்தேன்.

மச்சான், இனி எழுதுவதை மனவருத்தமில்லாமல் படிக்க வேண்டும். கப்பல் மழையில் நான்கு நாள் தள்ளி வந்து, துறைமுக ஜெட்டியில் இரண்டு மணி நேரம் நனைந்து, பார்சலைக் கொண்டுவந்து பிரித்தால் உள்ளே என் முழங்கை நீளத்துக்கு, இரண்டு ஃபேனோடு, குட்டி ஏர்கூலர் மாதிரி ஒரு கார்டு. கூடவே உங்கள் கையெழுத்தில், “கடைக்காரர் காட்டிய சின்னக் கார்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. தாய்மாமன் சீர் உள்ளங்கைக்குள் அடங்கினால் நாலு பேர் என்ன சொல்வார்கள், ஆகவே பெரிதாக வாங்கியிருக்கிறேன்” என்று ஒரு சீட்டு. எந்த நாலு பேர் மச்சான்? இந்தத் தீவில் கிராபிக்ஸ் கார்டின் அளவைப் பார்த்துத் தாய்மாமனை எடைபோடுகிறவர் யார்? அதோடு நிற்காமல் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, இரண்டு ஃபேனுக்கும் நடுவில் குங்குமம் வைத்து அனுப்பியிருந்தீர்கள். தேவேந்திரன் முதல் தடவை கரண்ட் கொடுத்ததும் அது சுற்றி அவருடைய வெள்ளைச் சட்டை முழுக்க ஹோலி ஆகிவிட்டது. வீட்டில் அவர் மனைவி என்ன கேட்டாள் என்று இன்னும் எனக்குச் சொல்லவில்லை.

கார்டு தகரப் பெட்டிக்குள் போகவில்லை. நீளத்தில் நான்கு விரல் வெளியே, உயரத்தில் மூன்று விரல் வெளியே. “டப்பா சோட்டா, கார்டு படா. திருப்பி அனுப்பி மாத்திருங்க அண்ணே” என்றார் தேவேந்திரன். நான் சரி என்று வாய் திறப்பதற்குள் புஷ்பாவின் முகம் மாறிவிட்டது. “எங்க அண்ணன் சீரா அனுப்புன சாமான். திருப்பி அனுப்புனா அது அண்ணனையே திருப்பி அனுப்புன மாதிரி. நான் உசுரோட இருக்கற வரைக்கும் நடக்காது” என்று சொல்லிவிட்டாள். பெட்டியை மாற்ற நான் விடமாட்டேன், கார்டை மாற்ற அவள் விடமாட்டாள். சுகிர்தா எங்கள் இருவரையும் பார்த்தாள். கம்பெனி கொடுத்த பரீட்சை வேலைக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

நான் ஹேக்ஸா பிளேடை எடுத்தேன். தகரப் பெட்டியின் பக்கவாட்டில் கார்டு வெளியே எட்டிப்பார்க்க ஜன்னல் வெட்டலாம் என்று நினைத்தேன். வெட்டியது ஜன்னல் அல்ல, பெட்டியே இரண்டாகிவிட்டது, கட்டைவிரலில் மூன்று தையல். சரி, இரண்டு பாதியையும் கம்பியால் கட்டிவிடலாம் என்று ஒருநாள் அப்படியே திண்ணையில் வைத்திருந்தேன். மறுநாள் தேவேந்திரன் வந்து போர்டை வைக்கப் பெட்டிக்குள் கையை விட்டார். உள்ளே ஒரு சாண் நீளத்தில் பூரான், இங்கே எல்லோரும் சொல்கிற மாதிரி சொன்னால் கான்கஜூரா. அவர் குதித்ததில் டீ கிளாஸ் உடைந்தது, பவர் சப்ளையின் மேல் டீ கொட்டியது, அது ஒரு சத்தம் போட்டு அடங்கியது. அவர் செருப்பைக்கூட எடுக்காமல் பைக்கில் ஏறி, “அண்ணே, இந்தக் கேஸ் என்னால ஆகாது” என்று போய்விட்டார். அன்று சாயந்திரம் சுகிர்தா சென்னைக்குப் போக சூட்கேஸில் துணி அடுக்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான் புஷ்பா உள்ளே போய் அந்த மூடியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

எந்த மூடி என்று உங்களுக்கே தெரியும். கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் நாம் பக்கத்துப் பக்கத்து வீடாக இருந்தபோது அவளிடம் இருந்த கைத்தையல் மெஷினின் மர மூடி. மேலே கைப்பிடி வைத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் வந்தபோது ஒரு கையில் பத்து வயது சுகிர்தா, மறு கையில் தையல் மெஷின் என்று நினைத்துத்தான் ஓடினேன். மூடியை மெஷினோடு பூட்டவில்லை போலிருக்கிறது. மேட்டில் ரப்பர் மரத்தடியில் போய் நின்று பார்த்தால் மறு கையில் மூடி மட்டும்தான் இருந்தது. மூன்றாம் நாள்தான் புஷ்பா எங்களிடம் வந்து சேர்ந்து அந்த மூடியைப் பார்த்தாள். முதலில் சிரித்தாள், அப்புறம் நிற்காமல் அழுதாள். உங்கள் கையில் அன்றைக்குச் சைக்கிள் பம்பு இருந்தது, சைக்கிள் இல்லை. ஆகவே இந்த விஷயத்தில் நீங்கள் என்னைக் கேலி செய்ய முடியாது. பன்னிரண்டு வருஷமாக அந்த மூடியை அவள் தூக்கிப்போடவும் இல்லை, எதற்கும் பயன்படுத்தவும் இல்லை.

“இதுக்குள்ள வச்சுப் பாருங்க” என்றாள். வைத்துப் பார்த்தேன். ஒரு சாண் போர்டு ஒரு பக்கம், உங்கள் ஏர்கூலர் கார்டு நீளவாக்கில் படுத்துக்கொண்டது, தேவேந்திரனை, காலில் விழாத குறையாக, கூட்டி வந்து போடவைத்த புதுப் பவர் சப்ளை கடைசியில். விரல் நுழைய இடம் மிச்சம். அடியில் ஒரு படாக் மரப்பலகை அடித்து, இந்தத் தடவை இரண்டு பக்கமும் நல்ல கொக்கி வைத்தேன். முதல் நாள் ஓடவிட்டபோது மூடிக்குள்ளிருந்து பழைய மெஷின் எண்ணெய் வாசனை வீடு முழுக்க வந்தது, புஷ்பா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஆனால் சூடு தாங்கவில்லை. “காத்துப் போக வழி வைங்க அண்ணே, இல்லேன்னா கார்டு கதம்” என்றார் தேவேந்திரன். ரப்பர் பால் வெட்டிய கத்தி இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்தக் கத்தியால் இரண்டு பக்கமும் மரத்துக்குப் பால் வெட்டுகிற மாதிரியே சாய்வாகக் கோடு கோடாக வெட்டினேன், சூடு இறங்கிவிட்டது. உங்கள் தங்கை இப்போது மழையில் நமுத்த தீப்பெட்டியை அந்தக் காற்றில் காயவைத்துக்கொள்கிறாள். உப்பு ஜாடியைக் கொண்டுவந்தபோதுதான் சுகிர்தா தடுத்தாள்.

பாக்கி இருந்தது ஓட்டப் பரீட்சை. போன ஞாயிறு நாலு மணிக்கு மழை விட்டது. கம்ப்யூட்டர் மூடியைச் சுகிர்தா கையில் கொடுத்து, நான் வாசல் பையை எடுத்துக்கொண்டு, “ஓடு” என்றேன். வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே நானும் பின்னால் ஓடினேன். ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன், மச்சான். எங்கள் வரிசையில் தமிழர், பெங்காலி, தெலுங்கர், மலையாளி என்று பதினோரு வீடு. எல்லோருக்கும் ஒரு வழக்கம் உண்டு. பொன்னுத்துரை பையோடு ஓடினால் ஓடு, காரணத்தை மேலே போய்க் கேட்டுக்கொள் என்பது. நான் திரும்பிப் பார்த்தபோது வரிசை முழுக்க மேடேறிக்கொண்டிருந்தது. ஒருவர் பாதி சவரம் செய்த முகத்தோடு, ஒரு பெங்காலி அம்மாள் விசில் வராத குக்கரோடு, இரண்டு ஆடுகள், அவற்றின் பின்னால் அவற்றின் சொந்தக்காரர். நில்லுங்கள், ஒன்றுமில்லை என்று கத்தினேன். நான் கத்துவதைப் பார்த்து இன்னும் வேகமாக ஓடினார்கள்.

மேலே போய் எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டு கடலைப் பார்த்தார்கள். கடல் சும்மா கிடந்தது. “கியா ஹுவா, பொன்னுத்துரை பாய்?” என்று கேட்டார் பாதி முகக்காரர். கம்ப்யூட்டர் என்றேன். அதற்குப் பிறகு அவர்கள் ஐந்து மொழியில் சொன்னதை இந்தக் கடிதத்தில் எழுத முடியாது. எல்லோருக்கும் கடைசியாகப் புஷ்பா ஏறி வந்தாள், இரண்டு கையும் காலி. நீ ஏன் ஒன்றும் எடுக்கவில்லை என்று கோபித்தேன். “நீங்க ரெண்டு பேரும்தான் முன்னால ஓடுறீங்களே. நான் வேற எதை எடுக்கணும்?” என்றாள். சுகிர்தா அந்த மூடியை ஒரு கையில் தொங்கவிட்டபடி கப்பல் போகிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “அப்பா, இவ்வளவு லேசா இருக்கே. இதை எங்க வேணும்னாலும் தூக்கிக்கிட்டுப் போகலாம் போல” என்றாள். மூன்று நிமிஷம் பத்து விநாடி என்று மட்டும் பதில் சொன்னேன்.

கம்ப்யூட்டர் ராஜா மாதிரி ஓடுகிறது. பரீட்சைக்கு ஒரு வீடு வரைந்திருக்கிறாள். கதவைத் திறந்து கூடம், அடுப்படி, மாடி என்று திரையிலேயே உள்ளே நடந்து போகலாம். நான் மூன்று தடவை போய் வந்தேன். மூன்றாம் தடவைதான் கவனித்தேன், வாசல் கதவுக்குப் பின்னால் ஒரு பை தொங்குகிறது. இது எதற்கம்மா, கேட்டார்களா என்றேன். “வீடுன்னா அது இருக்கும்லப்பா” என்றாள்.

இனி ஒரே ஒரு சின்னச் சிக்கல். வரைந்ததை அனுப்ப வேண்டும். இங்கே இன்டர்நெட் வானத்து சாட்டிலைட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. அனுப்பு என்று அழுத்தினாள், பதினேழு நாள் ஆகும் என்று கம்ப்யூட்டரே எழுதிக் காட்டியது. மழை வந்ததும் முப்பத்தொன்று ஆனது. போனில் நாலு படம் மட்டும் எப்படியோ கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது. பரவாயில்லை. முழுதும் இந்தக் கடிதத்தோடு பென் டிரைவில் வருகிறது. அதை நீங்கள் கம்பெனியில் கொடுத்துவிடுங்கள். இனி எல்லா வேலையும் இப்படியே பென் டிரைவ் வரும், பென் டிரைவ் போகும், பிள்ளை இங்கேயே இருப்பாள். கடிதத்துக்கு ஒரு கப்பல், பதிலுக்கு ஒரு கப்பல், அவர்கள் திருத்தம் சொன்னால் அதற்கு இரண்டு கப்பல். கொஞ்சம் பொறுமையான கம்பெனியாக இருந்தால் போதும். நீங்கள் பேசிப் பாருங்கள், மச்சான். நீங்கள் பேசினால் யாரும் நடுவில் பேச முடியாது.

சொர்ணம்மா அக்காவுக்கு என் வணக்கமும், மாடி அறைக்கு வரப்போகிற புதுக் குடித்தனத்துக்கு என் வாழ்த்தும். நீங்கள் அனுப்பிய சீர் உங்கள் மனசு மாதிரியே எங்கள் வீட்டில் அடங்காமல் இருக்கிறது. உங்கள் தங்கையும் மருமகளும் கால்தொட்டு வணங்குகிறார்கள்.

இப்படிக்கு, என்றும் தங்கள் அன்பை மறவாத,
பொன்னுத்துரை.

பின்குறிப்பு (23-9-2016, வெள்ளிக்கிழமை): மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள். அறையை வாடகைக்கு விட வேண்டாம். விட்டிருந்தால் காலி செய்யச் சொல்லுங்கள். பென் டிரைவ் இந்த உறையில் இல்லை, தேடாதீர்கள். புதன்கிழமை கம்பெனியிலிருந்து போன் வந்தது. போய்ச் சேர்ந்த நாலு படத்திலேயே வேலை உறுதியாம். கதவுக்குப் பின்னால் அந்தப் பை எதற்கு என்று கேட்டார்களாம். சுகிர்தா அரைமணி நேரம் அதைப் பற்றிப் பேசினாள். நான் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். போகட்டுமா என்று அவள் கேட்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. வாசல் பையிலிருந்து அவள் சான்றிதழ்களை எடுத்து அவள் பையில் வைத்தது நான்தான். இன்று மத்தியானக் கப்பலில் ஏற்றிவிட்டு, ஜெட்டியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இந்தத் தடவை விமானத் தபாலில் அனுப்புவதால் இது அவளுக்கு முன்னால் உங்களுக்கு வந்துவிடும். உங்கள் வீடு கடலிலிருந்து எவ்வளவு தூரம், மாடிப்படி எந்தப் பக்கம், எழுதுங்கள். திங்கட்கிழமை துறைமுகத்துக்கு நேரத்தோடு போய்விடுங்கள். கூட்டத்தில் தேட வேண்டாம், தையல் மெஷின் மூடியைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறவள்தான் நம் பிள்ளை. ஒரு கையால்தான் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறினாள், மறு கையை எனக்கு ஆட்டினாள். தாய்மாமன் என்று பாசத்தில் அந்த மூடியை அவளிடமிருந்து வாங்கிவிடாதீர்கள், அதை அவளே தூக்கி வருவாள். ரோடு கடக்கும்போது நீங்கள் அந்த மறு கையைப் பிடித்துக்கொண்டால் போதும்.